முற்றத்து ஷீட்டைக் கழற்றினோம்: ஒரு வளவு வீட்டின் மழைக்கால மராமத்து

செட்டிநாட்டில் இருக்கும் எங்கள் பள்ளத்தூர் வீட்டில் கஜா புயல் எதையெல்லாம் கொண்டுபோனது என்று எழுதிப் பார்த்தால், ஐயா காலத்துச் சாமான் ஒன்றுகூட அதில் வராது. முற்றத்துக் கம்பிக்கு மேலே போட்டிருந்த ஃபைபர் ஷீட், பின்கட்டுக் கொட்டகைத் தகரம், டிஷ் குடை, மாடியில் காலியாக நின்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. எல்லாமே கடந்த இருபது முப்பது வருஷத்தில் நாங்கள் சேர்த்தவை. ஓடும் உடையத்தான் செய்தது. ஆனால் காற்றில் பெயர்ந்து உடைந்ததைவிட, பறந்த ஷீட் மேலே விழுந்து நொறுங்கியதுதான் அதிகம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த புயல் அது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. அங்கிருந்து மேற்கே புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் என்று நிலத்தின் மேலேயே நடந்து போனது. டெல்டாவிலும் புதுக்கோட்டையின் கிழக்கிலும் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. லட்சக் கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன என்றார்கள். சில கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. எங்கள் பக்கம் வரும்போது வேகம் தணிந்திருந்தது. அவர்கள் பட்டதோடு வைத்துப் பார்த்தால் எங்களுடையது சில்லறைச் சேதம். ஆனால் புயல் எப்போதோ வருவது. சித்திரை வைகாசியில் இடிமழையோடு வரும் சூறைக்காற்று வருஷா வருஷம் வருகிறது. வீட்டை அதற்குத் தயார் செய்தாலே புயலுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கஜாவுக்குப் பிறகு ஒட்டுப்போட்டே ஓட்டிக்கொண்டிருந்தோம். போன வருஷம் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்பக் கும்பிடு) பங்காளிகள் எல்லோரும் கூடியபோதுதான் பேச்சு எழுந்தது. சென்னைக்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், மலேசியாவில் இருப்பவர்கள் என்று ஆளுக்கொரு திசை. ஊரில் இருப்பது நானும் ஆத்தாவும் (அம்மா)தான். ஆகவே வேலை என் தலையில், செலவு பங்குப்படி என்று முடிவானது. ஆடி பிறந்ததும் ஆரம்பித்தேன். ஐப்பசிக்குப் பிறகு ஓட்டில் ஏற யாரும் வரமாட்டார்கள்.

வளவு வீடு பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெருப்பக்கம் முகப்பு, அதையடுத்துத் திண்ணையும் பட்டாலையும், அதற்குள் நாலு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த திறந்த முற்றம். இந்தக் கட்டுக்குத்தான் வளவு என்று பெயர். முற்றத்தைச் சுற்றி இரட்டை வீடு என்கிற அறைகள், பங்காளிக்கு ஒன்று. பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணறு, பின்வாசல். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வழியாக அடுத்த தெரு தெரியும். முகப்புக்கு மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற செங்கல் சுண்ணாம்புத் தட்டைக் கூரை, வளவுக்கு மேலே சாய்ந்த ஓட்டுக் கூரை. பெய்கிற மழை நாலு கூரையிலிருந்தும் முற்றத்தில் விழுந்து, மூலையில் இருக்கும் ஜலதாரையில் இறங்கி, தரைக்கடியில் ஓடித் தெரு வாய்க்காலுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் போகவேண்டும். கட்டினவர்கள் கணக்கு அது.

முற்றம்

முதல் வேலை ஷீட்டைக் கழற்றுவது. கஜாவில் போனதற்குப் பதிலாக மறுபடியும் ஒன்று போட்டிருந்தோம், இன்னும் கனமான இரும்புச் சட்டத்தோடு. குரங்குத் தொல்லை, வேப்பிலை, சாரல் என்று காரணங்கள் இருந்தன. முன்வாசலும் பின்வாசலும் ஒரே கோட்டில் இருப்பதால் காற்று உள்ளே புகுந்தால் போக்கிடம் முற்றம்தான். அங்கே மூடி போட்டால் காற்று அதைக் கீழேயிருந்து தூக்குகிறது. தூக்க முடியாவிட்டால் பக்கத்து ஓட்டைத் தூக்குகிறது. போதாக்குறைக்கு, நாலு பக்கமும் பரவி விழவேண்டிய மழை ஷீட்டின் ஒரே ஓரத்தில் அருவியாகக் கொட்டி, பட்டாலைப் பக்கத் தாழ்வாரத்துத் தரையை ஊறவைத்துக்கொண்டிருந்தது.

ஆத்தாவுக்கு இதில் சம்மதமே இல்லை.

"ஷீட்டை எடுத்துப்புட்டா ஐப்பசி மழைக்கு வளவு பூராம் சாரல் அடிக்குமேப்பா. நான் எங்க உக்காந்து முறுக்குப் பிழியிறது?"

"உங்க கல்யாணத்துக்கு இந்த ஷீட்டு இருந்துச்சா ஆத்தா?"

"அப்ப படுதா இருந்துச்சுடா."

அந்த ஒரு சொல்லில் வழி கிடைத்தது. தூண்களுக்கு மேலே உத்திரத்தில் வரிசையாகப் பித்தளை வளையங்கள் உண்டு. பெயின்ட் அடித்து அடித்து மரத்தோடு மரமாகிப்போய், நான் அவற்றை ஏதோ அலங்காரம் என்றே கடந்து போயிருக்கிறேன். கத்தியால் சுரண்டினால் உள்ளே பித்தளை மின்னியது. ஒவ்வொன்றிலும் கயிறு உரசித் தேய்ந்த பள்ளம், ஒரே பக்கமாக. காரைக்குடியில் லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் கெட்டிக் கான்வாஸில் நாலு படுதா தைக்கச் சொன்னேன், அடியில் மூங்கில் கம்பு கோத்து. சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் இறக்கிவிடலாம். காற்று பலமானால் சுருட்டிக் கட்டிவிடலாம். குரங்குக்கு, பழைய முற்றத்துக் கம்பியின் மேலேயே கால்வனைஸ்டு வலை. வலையில் காற்றும் மழையும் போகும். ஷீட் போனபின் வளவில் சூடும் தணிந்திருக்கிறது. ஆத்தா இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள், ஆனால் மத்தியானம் பாய் விரிப்பது இப்போது அங்கேதான்.

அடுத்தது ஜலதாரை. துளைக்கல்லை நெம்பி எடுத்தால் உள்ளே தேங்காய் நார், அகல் விளக்கு ஓடு, கோலிக்குண்டு, ஒரு வெள்ளி சங்கு. (சங்கு யாருடைய பிள்ளைக்குப் பால் புகட்டியது என்பதில் பங்காளிகள் குழுவில் இரண்டு நாள் சண்டை.) அள்ளிய பிறகு குடம் குடமாக ஊற்றினால் தண்ணீர் இறங்குகிறது, ஆனால் தெருவில் வந்து சேரவில்லை. மஞ்சள்பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டு வாசலில் நின்று பார்த்தோம். திண்ணைக்குக் கீழே அடித்தளக் கல் இடுக்கில் மஞ்சள் கசிந்தது. சிமென்ட் ரோடு மேலே மேலே போட்டதில் ஜலதாரையின் வாய் ரோட்டு மட்டத்துக்குக் கீழே போய்விட்டிருக்கிறது. வீடு உயர்ந்த அடித்தளத்தில் நிற்பதால் உள்ளே வெள்ளம் வராமல் தப்பித்தோம். தண்ணீர் மட்டும் சுவருக்கடியில் தேங்கிக்கொண்டிருந்தது. முகப்புச் சுவர் ஏன் இடுப்பளவு வரை பொரிந்து உதிர்கிறது என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்ட கேள்விக்கு விடை அதுதான்.

ரோட்டை இறக்க முடியாது. ஜலதாரையைத் திருப்பினோம். இரண்டாங்கட்டு ஓரமாக ஆறு அங்குல பி.வி.சி. குழாயைச் சரிவு பார்த்துப் பதித்து, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு வடிகட்டித் தொட்டிக்குக் கொண்டுபோனோம். அடியில் கருங்கல் ஜல்லி, நடுவில் கரி, மேலே ஆற்றுமணல். வடிந்தது கிணற்றுக்கு, மிஞ்சினது பின்தெரு வாய்க்காலுக்கு. பின்தெரு இன்னும் பள்ளமாகத்தான் இருக்கிறது. மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது கணக்குக் காட்ட வெட்டின குழி ஒன்று எங்கள் வீட்டிலும் உண்டு. அதில் இப்போது கறிவேப்பிலை நிற்கிறது.

ஓடு

ஓட்டு வேலை தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் விரல்விட்டு எண்ணும் அளவுதான். எங்களுக்குக் கிடைத்தவர் அறுபதைத் தாண்டியவர், மகனைக் கீழே நிறுத்திவிட்டுத் தானே ஏறுகிறார். முதல் நாள் ஒரு ஓட்டையும் தொடவில்லை. உள்ளே இருட்டில் நின்று அண்ணாந்து, எங்கே வெளிச்சம் ஒழுகுகிறது, எங்கே ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) கறுத்திருக்கிறது என்று சாக்பீஸால் தூணில் குறி போட்டுக்கொண்டே வந்தார்.

"ஓடு ஒழுகல தம்பி. கூடுவாய்தான் ஒழுகுது. ஓட்டை மாத்தி மாத்திக் காசைக் கொட்டியிருக்கீக."

இரண்டு சரிவுக் கூரைகள் சேரும் பள்ளம் கூடுவாய். வளவுக்கு நாலு மூலையிலும் நாலு. இரண்டு கூரைத் தண்ணீரும் அதில்தான் இறங்குவதால் கனமழையில் முதலில் தோற்பது அதுதான். வடகிழக்கு மூலையில் ஓட்டை எடுத்ததும் தகரமே தெரியவில்லை. வேப்பிலை மக்கிக் கறுப்பு மண்ணாகி, ஒரு சாண் அரசங்கன்று அதில் வேர்விட்டு நின்றது. கையால் பிடித்து இழுக்கப்போன மகனை ஒரு அதட்டு அதட்டினார். இழுத்தால் வேரோடு சுவர்க் காரையும் பெயர்ந்து வரும். மண்ணை மெதுவாக அள்ளி, வேரைப் பின்தொடர்ந்து போய், சுவருக்குள் நுழையும் இடத்தில் உளியால் வெட்டி, எஞ்சிய முனையைக் குடைந்து எடுத்துவிட்டு அந்தக் குழியில் சுண்ணாம்பை அடைத்தார். தகரம் நடுவில் சல்லடையாக இருந்தது.

புதுத் தகரம் பழையதைவிட அகலம், கெட்டி கேஜ். இரண்டு ஓரத்தையும் ஓர் அங்குலம் மேல்நோக்கி உள்பக்கமாக மடித்தார். காற்று எதிர்த்து அடித்தால் பள்ளத்துத் தண்ணீர் பக்கவாட்டில் ஏறி ஓட்டுக்கடியில் போய்விடும், மடிப்பு இருந்தால் திரும்பி விழும். மடித்த பிறகு ஒரு செம்புத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றி, அது ஓடுகிற போக்கைக் குனிந்து பார்த்துவிட்டு ஒரு பக்கம் ஒரு நூல் உயர்த்தினார். நாலு மூலைக்கும் அப்படியே.

எங்கள் கூரையில் இருப்பது பெரும்பாலும் சீமை ஓடு. ஒன்று சுமார் இரண்டரைக் கிலோ. ஆணி கிடையாது, அடியில் இருக்கும் மூக்கு ரீப்பரில் கோத்துக்கொள்ள, மற்றதெல்லாம் கனத்தை நம்பி நிற்பது. நடுக்கூரையில் அது போதும். காற்று பிடித்து இழுப்பது தாழ்வார ஓரத்திலும் முகட்டிலும். ஓட்டின் அடியில் ஒரு காது, அதில் கம்பி கோக்கத் துளை இருக்கும். இப்போது யாரும் கோப்பதில்லை. ஓரத்தில் இரண்டு வரிசை, முகட்டை ஒட்டி ஒரு வரிசை, இவற்றை மட்டும் கால்வனைஸ்டு கம்பியால் ரீப்பரோடு கட்டச் சொன்னேன். கூலி கொஞ்சம் ஏறியது. உடைந்தவற்றுக்குப் புது ஓடு வாங்கப் போனால் பொருந்தவில்லை. ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் பள்ளமும் மேடும் வேறு. உடைந்த ஓட்டைக் கையோடு எடுத்துப்போய், அடியில் அச்சடித்திருக்கும் கம்பெனிப் பெயரை ஒத்துப் பார்த்து, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடத்தில் பொறுக்கி வந்தோம். உபரியாகவும் கொஞ்சம் வாங்கிக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறேன். புயலுக்கு மறுநாள் ஓட்டுக்கு விலை வேறு.

முகட்டு ஓட்டுக்குச் சிமென்ட் பூசலாம் என்றேன், சீக்கிரம் முடியுமே என்று. ஓட்டுக்காரர் கேட்கவில்லை. சிமென்ட் இறுகிக் கல்லாகிவிடும், அடியில் மரமும் ஓடும் வெயிலுக்கும் மழைக்கும் அசையும், விரிசல் விடும், விரிசலில் போன தண்ணீர் வெளியே வராது என்று அவர் கணக்கு. நீற்றின சுண்ணாம்பு, சுர்க்கி என்கிற செங்கல் தூள், மணல், கடுக்காய் ஊறின தண்ணீர், கொஞ்சம் பனைவெல்லம். காய நாளாகும், ஆடியிலேயே ஆரம்பித்தது இதற்குத்தான் உதவியது.

மீதியெல்லாம் ஒரே வாரத்து வேலை. டிஷ் குடையை எடுத்தாகிவிட்டது, டி.வி. இப்போது ஃபைபர் இணைப்பில் வருகிறது. கொட்டகைத் தகரத்துக்கு ஜே போல்ட்டை நெருக்கி அடித்தோம். முருங்கையை மொட்டையடித்தேன், அது முறிவதற்குப் பெரிய காற்றே வேண்டாம். மாடித் தொட்டியை எச்சரிக்கை வந்ததும் கழுத்துவரை நிரப்பிவிடுவது என்று வழக்கம் வைத்திருக்கிறேன். காலித் தொட்டிதான் பறக்கும், ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. கரண்ட் போனால் குடம் பிடிக்கவும் அது ஆகும்.

கரண்ட்

வீட்டு வயரிங் மூன்று தலைமுறையுடையது. தேக்கு ரீப்பரில் கிளிப் அடித்துப் போன பழைய வயர், அப்பச்சி (அப்பா) காலத்துப் பி.வி.சி. குழாய், பிறகு ஏ.சி.க்கு என்று தனியாக இழுத்தது. மெயினில் பீங்கான் பீஸ் கட்டை. மழைக்காலத்தில் இரும்புக் கதவில் சுருக்கென்று ஷாக் அடிப்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. பழகிப்போகிற சமாசாரமா அது? முதலில் எர்த். இந்தச் செம்மண்ணும் சொறிக்கல்லும் காய்ந்தால் கரண்டை உள்ளே வாங்காது. கிணற்றடி ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்துப் புது எர்த் குழி தோண்டி, ஐந்து ஓமுக்குக் கீழே வரும்வரை எலக்ட்ரீசியன் விடவில்லை. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்றவேண்டும்.

பிறகு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டோம், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து துண்டிக்கும் ஸ்விட்ச் அது. போட்ட கையோடு விழுந்தது. ஏற்றினால் மறுபடி விழுந்தது. மெயினை அணைத்து, பல்பு பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு லைனாகப் பிரித்து, வயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெக்கர் வைத்து 500 வோல்ட்டில் பார்த்தார். ஒரு மெகா ஓமுக்கு மேல் இருக்கவேண்டியது, வளவுத் தூண் விளக்கு லைனில் முள் அடியிலேயே கிடந்தது. வயரைத் தொடர்ந்து போனால் தாழ்வாரத்துக்கு மேலே ஒரு மரப்பெட்டி. திறந்தால் உள்ளே பாதிக்கு மேல் குளவி கட்டிய மண்கூடு, இரண்டு இணைப்புக்கும் நடுவில் கச்சிதமாக. கூடுவாய் ஒழுகின அதே மூலை. ஈரம் குடித்த மண் வழியாகக் கரண்ட் மரத்துக்கும் சுவருக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கதவில் அடித்த ஷாக்குக்கு ஊற்றுக்கண் இதுதான். பெட்டியை மாற்றி, அந்த லைன் முழுக்கப் புது வயர் இழுத்ததும் ஆர்.சி.சி.பி. விழாமல் நின்றது.

இன்வெர்ட்டர் விளக்கைப் போட்டோம். மறுபடி விழுந்தது.

நிறைய வீட்டில் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடுகிறார்கள். காரணம் எளிது. இன்வெர்ட்டருக்குள் போகும் ஃபேஸ் பழைய மெயின் ஸ்விட்சிலிருந்து, அதாவது ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே எடுக்கப்பட்டிருந்தது. விளக்கிலிருந்து திரும்பும் நியூட்ரல் மட்டும் பொது நியூட்ரலில் சேர்ந்து ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்பியது. போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. தன் வழியாகப் போகாத கரண்ட் தன் வழியாகத் திரும்பினால் லீக்கேஜ் என்று எடுத்துக்கொள்கிறது. இன்வெர்ட்டருக்கான ஃபேஸையும் ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் மாற்றிக் கொடுத்ததும் சரியானது. இடிக்காக மெயின் போர்டில் ஒரு சர்ஜ் புரொடெக்டரும் வைத்திருக்கிறோம். அது இருந்தாலும் இடி நெருங்கினால் டி.வி., மோடம் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

பேட்டரிக் கணக்கு: எங்களுடையது 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் டியூபுலர். பெருக்கினால் 1800 வாட் அவர். அடிவரை வறட்டினால் பேட்டரி சீக்கிரம் சாகும், இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கைக்கு வருவது 1200 சொச்சம். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட். மூன்று விசிறி, ஒன்பது வாட் எல்.இ.டி. எட்டு, ஒரு மோடம் என்றால் 300 வாட்டைத் தாண்டும், நாலு மணி நேரத்தில் தீரும். அதே மூன்றையும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றினால் மொத்தம் 170-ஐ ஒட்டி வரும், ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட விசிறியை மாற்றுவது மலிவு. இதைப் பங்காளிகளுக்குப் புரியவைக்கத்தான் ரொம்பப் பாடு. பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் அதிக நேரம் வரும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். இன்வெர்ட்டரின் வி.ஏ. ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்பதைச் சொல்லும். எவ்வளவு நேரம் என்பது பேட்டரி.

பேட்டரியைப் பட்டாலையில் வைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். அங்கே தரை ஆத்தங்குடிக் கல், சுவர் முட்டைப் பூச்சு. சிமென்ட் கல்லிலும் சுண்ணாம்பிலும் ஆசிட் ஒரு சொட்டுப் பட்டால் நுரைத்துத் தின்றுவிடும், போன பளபளப்பு திரும்பாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு கிளம்பும். காற்றோட்டமான பின்கட்டுத் தாழ்வாரத்தில் மரப்பலகை, அதன் மேல் பிளாஸ்டிக் தட்டு, தட்டில் பேட்டரி. பேட்டரியைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன், அதையே ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் காரைக்குடியில்தான் இருக்கிறது. கல்லூரி நாளில் அந்த மதிலை ஒட்டித் தினமும் பஸ்ஸில் போயிருக்கிறேன்.

கஜா மாதிரி நாள்கணக்கில் போனால் ஆறு மணி நேரம் எம்மாத்திரம்? அதற்காக 165 வாட் சோலார் பேனல் ஒன்றும் சார்ஜ் கண்ட்ரோலரும் வாங்கி நேராக அதே பேட்டரியில் சேர்த்தோம். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 600 வாட் அவர் பக்கம் தரும், மேகமாக இருந்தால் அதில் கால்வாசி. இரவு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் செல்போனுக்கும் போதும். பேனலை டெரஸில் சிறகு நட்டு போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறேன். எச்சரிக்கை வந்தால் கழற்றி இரட்டை வீட்டுக்குள் வைத்துவிட்டு, காற்று அடங்கியபின் திரும்ப மாட்டலாம். மேலே சேர்ப்பது எதுவும் கையால் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது இந்த மராமத்தில் நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

தெருவில் சிலர் 2024-இல் வந்த சூர்ய கர் என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியத்தோடு மூன்று கிலோவாட் சோலார் போட்டிருக்கிறார்கள். பில் குறைகிறது, நல்லதுதான். ஆனால் பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், நடுப்பகல் வெயிலிலும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் உயிருக்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மின்தடைக்கு என்று நினைத்து வாங்கினவர்களுக்குக் கடைக்காரர் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

சென்னைப் பங்காளி ஜெனரேட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னார். முற்றம் திறந்ததுதானே, அங்கேயே வைத்து ஓட்டலாம் என்று யோசனை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தாழ்வாரத்தில் தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். வைத்தால் பின்தெருவுக்கு வெளியேதான் என்றேன். தெரு லைனைப் பிரித்துவிடும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் பிளக்கில் செருகி ஓட்டுகிறவர்களும் உண்டு. அந்தக் கரண்ட் தெரு டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிப் போய் 11,000 வோல்ட்டாக ஏறி, எங்கோ கம்பியைக் கையில் பிடித்திருப்பவரை அடிக்கும். பங்காளி ஜெனரேட்டர் பேச்சை விட்டுவிட்டார்.

மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டையும் மெயின் போர்டுக் கதவின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதியாயிற்று. அறுந்து கிடக்கும் கம்பியைப் பார்த்தால் கிட்டே போகாமல் முதலில் அங்கே சொல்லவேண்டும்.

தண்ணீரும் அடுப்படியும்

மோட்டார் நின்றால் கிணறுதான். சகடை (கயிறு ஓடும் உருளை) துருப்பிடித்துச் சுற்றாமல் கிடந்தது. எண்ணெய் போட்டு, புதுக் கயிறு, வாளி. மேல்வீட்டில் கவிழ்த்துக் கிடந்த பித்தளை அண்டா இரண்டை இறக்கிப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறோம். கல்யாணத்துக்கு மட்டும் வெளிச்சம் பார்க்கிற பாத்திரங்கள். எச்சரிக்கை வந்தால் நிரப்பிவிடுவது. சமையலுக்குத் தனி, புழக்கத்துக்குத் தனி.

ஆத்தாவுக்கு இன்சுலின் உண்டு. உபயோகத்தில் இருக்கும் பேனா, வெயில் படாமல் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பொதுவாக நாலு வாரம் வெளியில் தாங்கும்; மருந்துக்கு மருந்து மாறும், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளவேண்டும். பிரிக்காத இருப்புக்குத்தான் குளிர் தேவை. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈரமணல், மேலே ஈரத்துணி. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தேன், வெளியைவிட நல்ல குளிர்ச்சி. ஐஸ் கட்டியோடு வைக்கக்கூடாது, உறைந்தால் மருந்து வீண். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். ஆகவே கரண்ட் போனதும் அதன் கைப்பிடியில் ஒரு துண்டைக் கட்டிவிடுவோம், மறந்துபோய்த் திறக்காமல் இருக்க.

ஆட்டுக்கல்லைப் பற்றி ஆத்தாவே பார்த்துக்கொண்டார்கள். கொத்திக் கொண்டுவந்து போட்டது மட்டும் நான்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மெயினை அணைத்துவிட்டு மறுநாள் காலைவரை இருந்து பார்த்தோம். பேட்டரி கணக்குக்குக் கிட்டத்தட்ட ஒத்து வந்தது. ஆனால் மாடிப்படி இருட்டு, அந்த விளக்கு இன்வெர்ட்டர் லைனில் இல்லை, கிணற்றடியும் அப்படியே. இரண்டையும் அடுத்த வாரம் மாற்றினோம். செல்போன் டவர்களின் பேட்டரியும் சில மணி நேரத்துக்குத்தான் என்பதால் அப்பச்சியின் டிரான்ஸிஸ்டருக்கு செல் போட்டு முள்ளைத் திருப்பினேன். திருச்சி நிலையம் கிடைத்தது, கொரகொரப்போடு.

செலவில் பாதிக்கு மேல் ஓட்டுக்கும் கூடுவாய்க்கும் போனது. இன்வெர்ட்டர் பக்கத்துக்குப் போனது கால்வாசிகூட இல்லை. கணக்கைப் பங்காளிகள் குழுவில் போட்டிருக்கிறேன், இரண்டு பங்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது. மாடி ஜன்னல்களுக்குக் கொண்டி போடுவதும் பாக்கி. பர்மாத் தேக்குச் சட்டத்தில் துளை போட உள்ளூர் ஆசாரி ஒருவரைத்தான் நம்புகிறேன், அவர் தை பிறந்துதான் வருவாராம். அதுவரைக்கும் ஜன்னல்களை உள்பக்கமாக நைலான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன்.